தனியப் போய்ப் பாருங்கோ

(எங்கள் சங்கத்தின் மகளிர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை. சித்திரை மலருக்காகச் சில இடங்களை எழுத்துக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறேன். மற்றபடி பேசியது பேசியபடியே.)



எனக்குத் தந்த தலைப்பு "பெண்களும் பயணமும்". பெரிய தலைப்பு. நான் அதைச் சின்னதாக்கி, அஜக்ஸ் கோ ஸ்ரேசனிலிருந்து ரொறன்ரோ யூனியன் ஸ்ரேசன் வரைக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேலே பரிசும் லண்டனும் போகிறவர்கள் போகட்டும்.

முதலில் ஒரு கேள்வி. இந்த மண்டபத்தில் இருக்கிற பெண்களில், கூட ஒருவரும் வராமல், ஒரு அலுவலும் இல்லாமல், சும்மா ஊர் பார்க்கவென்று ரெயின் ஏறி டவுன்ரவுன் போய் வந்தவர்கள் எத்தனை பேர்? கையை உயர்த்துங்கோ. ஒன்று, இரண்டு... நாலு பேர். அதிலே இரண்டு பேர் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள்.

சரி. இப்ப இரண்டாவது கேள்வி. ஊரிலிருந்து வெளிக்கிட்டு, தாய் தகப்பன் புருஷன் ஒருவரும் பக்கத்தில் இல்லாமல், தனியாக விமானம் ஏறி இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? பார்த்தீர்களா, அரைவாசிக்கு மேலே கை நிற்குது.

இதுதான் நான் கதைக்க வந்த விஷயம்.

நாங்கள் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஓமந்தை தாண்டி, கொழும்பில் லொட்ஜில் பொலிஸ் பதிவோடு கிடந்து, ஏஜென்சிக்காரன் சொன்ன நாளில் சொன்ன சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவர்கள் நாங்கள். சிலர் பாங்கொக்கில் மாதக்கணக்காக ஒரு அறைக்குள் இருந்தார்கள். சிலர் மொஸ்கோ குளிரைப் பார்த்தார்கள். சிலர் அமெரிக்காவுக்கு வந்து, பஃபலோவில் அகதிகள் விடுதியில் வரிசையில் நின்று எல்லை கடந்தார்கள். நான் வந்தபோது எனக்கு வயது 23. ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த முழு வசனம் ஒன்றுதான், அதை விமானத்தில் நூறு தரம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். இன்றைக்கு உலகத்திலே பெண்கள் தனியாகப் பயணம் செய்வதை ஒரு துணிச்சலாகப் புத்தகம் எழுதிப் பாராட்டுகிறார்கள். எங்களை அந்தக் கணக்கில் ஒருவரும் சேர்ப்பதில்லை. நாங்களும் சேர்த்துக்கொள்வதில்லை.

அப்படி வந்தவர்களுக்கு, 50 நிமிஷ ரெயின் பயணம் எப்படித் தூரமாய்ப் போச்சு?

எனக்கு விளங்கின மட்டில், இதற்குக் காரணம் பயம் இல்லை. வாகனம். முதலில் வந்தவர்களில் கன பேர் வெலஸ்லி, பார்லிமென்ற் வீதிப் பக்கம் மாடிக் கட்டடங்களில் இருந்தார்கள். நகரத்தின் நடு அது. ஆனால் அப்போது நகரம் பார்க்க ஆருக்கு நேரம்? பகலில் ஒரு வேலை, இரவில் துப்புரவு வேலை, இடையில் ஈ.எஸ்.எல். வகுப்பு. பிறகு ஸ்காபரோ. பிறகு பிள்ளைகளுக்கு அறை வேணும், வளவு வேணும் என்று அஜக்ஸ், பிக்கறிங், விற்பி. வீடு பெரிசாகப் பெரிசாக நகரம் தூரமாகிக்கொண்டு போனது. இங்கே எல்லாவற்றுக்கும் கார். காரை ஓட்டுகிறவர் அவர். கோயிலுக்கு அவர், சாமான் கடைக்கு அவர், செத்தவீட்டுக்கு அவர், கலியாணவீட்டுக்கும் அவர். நாங்கள் பக்கத்து இருக்கையில் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறோம். 401 நெடுஞ்சாலையில் எத்தனையாவது வெளிவழியால் இறங்க வேணும் என்றுகூடக் கன பேருக்குத் தெரியாது. பிழை பிடிக்கச் சொல்லவில்லை, அப்படி ஆகிப் போச்சு.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நாங்கள் இருக்கிற இந்த ஊரே தனியாக ரெயினில் வந்த பெண்களால் உண்டானது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள், அக்காமாருக்காகச் சொல்கிறேன். 1941 க்கு முதல் அஜக்ஸ் என்று ஒரு ஊர் இல்லை. எல்லாம் பிக்கறிங்கைச் சேர்ந்த கமக்காரரின் காணிகள். இரண்டாம் உலகப் போர் நேரம் அரசாங்கம் அந்தக் காணிகளை எடுத்து, பீரங்கி ஷெல்களுக்கு வெடிமருந்து நிரப்புகிற டிபென்ஸ் இன்டஸ்ரீஸ் லிமிரெட் என்ற தொழிற்சாலையைக் கட்டியது. ஷெல் என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்கு உடம்பு கூசும், அதைப்பற்றி இன்றைக்குப் பேச வரவில்லை. அந்தத் தொழிற்சாலையில் உச்ச காலத்தில் ஏறக்குறைய 9,000 பேர் வேலை செய்தார்கள். பெரும்பகுதி பெண்கள். கனடாவின் பல பக்கங்களிலிருந்தும் இளம் பெண்கள் பெட்டியோடு வந்து இறங்கி, பெண்கள் விடுதிகளில் இருந்து மாறி மாறி ஷிப்ற் செய்தார்கள். போர் முடிகிறதுக்குள் 4 கோடி ஷெல்கள் இங்கே நிரப்பப்பட்டன. ஊருக்குப் பெயர் வந்தது 1939 டிசம்பரில் தென் அமெரிக்காவில் பிளேற் ஆற்று முகத்துவாரத்துக்குக் கிட்ட ஜேர்மன் கப்பலோடு சண்டை பிடித்த பிரித்தானியக் கப்பலிலிருந்து. எங்கட ஹார்வூட் அவெனியூ அந்தக் கப்பற்படைப் பிரிவின் தளபதியின் பெயர். கப்பலின் பெயரும் தளபதியின் பெயரும் பலகையில் இருக்கு. அந்தப் பெண்களின் பெயர் எங்களில் ஆருக்காவது தெரியுமோ?

இப்ப, ஏன் நான் இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, பெயர் வேண்டாம். இருபத்தைந்து வருஷம் அவரின் கணவர்தான் எல்லா இடமும் கூட்டிக்கொண்டு போவார். நல்ல மனிசன். திடீரென்று அவருக்குப் பெரிய வருத்தம் வந்து டவுன்ரவுனில் ஆஸ்பத்திரியில் விட்டார்கள். மகன் வேலைக்கு லீவு போட்டு இரண்டு கிழமை கூட்டிக்கொண்டு போனான். பிறகு அவனுக்கும் லீவு முடிஞ்சுது. மகள் இருப்பது எட்மன்ரனில். அக்கா வீட்டிலே இருந்து ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தா. கணவர் போனில் கேட்பாராம், "ஏனப்பா நேற்றும் வரேல்லை?" என்று. அவவுக்கு வழி தெரியாது. அதைச் சொல்ல வெட்கம். ராக்சிக்குப் போக வர எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கடைசியில் ஒரு நாள் நான் அவவைக் கூட்டிக்கொண்டு அஜக்ஸ் ஸ்ரேசனில் ஏறினேன். யூனியனில் இறங்கி, சப்வேயில் குயின்ஸ் பார்க். மேலே ஏறினால் எதிரே ஆஸ்பத்திரிகள். ரொறன்ரோ ஜெனரல், மவுண்ட் சைனாய், பிறின்சஸ் மார்க்றெட், சிறுவர்களுக்கான சிக் கிட்ஸ் எல்லாம் யூனிவேர்சிற்றி அவெனியூவில் குயின்ஸ் பார்க், சென்ற் பற்றிக் என்ற இரண்டு ஸ்ரேசன்களுக்கு இடையில், நடக்கிற தூரத்தில்தான் இருக்கு. வீட்டு வாசலிலிருந்து ஒன்றரை மணித்தியாலம். அக்கா ஆஸ்பத்திரி வாசலில் நின்று "இவ்வளவுதானோ?" என்று கேட்டா. பிறகு அழுதா. மூன்று கிழமை போகாமல் இருந்ததுக்கு.

வருத்தம் வந்த நாளில் வழி படிக்கிறது கஷ்டம். சந்தோஷமான ஒரு நாளில் படித்துவிடலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற அதே சப்வேயில்தான் ஓவியங்கள் பார்க்கிற இடமும் இருக்கு, பெரிய நூலகமும் இருக்கு.

ஆகவே ஒரு புதன்கிழமையை வைத்துக்கொள்ளுவம். ஏன் புதன்கிழமை என்று பிறகு சொல்கிறேன்.

காலையில் எல்லோரையும் அனுப்பிவிட்டு, வேலைக்குப் போகிற சனம் குறைந்த பிறகு, ஒன்பதரை பத்து மணிபோல ஸ்ரேசனுக்குப் போங்கோ. லேக்ஷோர் ஈஸ்ற் ரெயின் பகலில் சாதாரணமாக அரை மணிக்கு ஒன்று ஓடுது. ஒன்றை விட்டால் மற்றது, ஓடாதேங்கோ. பிறெஸ்ரோ அட்டை ஒன்று உங்கட பெயரில் உங்கட கைப்பையில் இருக்க வேணும். பிள்ளையின் அட்டை இல்லை, உங்கட. ஏற முன் ஒரு தரம் தட்டுங்கோ, இறங்கின பிறகு ஒரு தரம். 2024 பெப்ரவரிக்குப் பிறகு, கோ ரெயினுக்குக் காசு கட்டினால் அதோடு மாறி ஏறுகிற ரீ.ரீ.சி.க்கும் எங்கட டர்ஹம் பஸ்ஸுக்கும் தனியாகக் கட்டத் தேவையில்லை, ஒரே அட்டையைத் தட்டினால் சரி. முந்தி இரண்டு கட்டணம் என்று கணக்குப் பார்த்துப் பேசாமல் இருந்தவர்களுக்கு இப்ப அந்தச் சாட்டு இல்லை.

மேல்தட்டில், போகிற பக்கம் பார்த்து இடது கைப்பக்க ஜன்னல். மறக்காதேங்கோ. பிக்கறிங் தாண்டி றூஜ் ஆறு ஏரியில் விழுகிற இடத்தில் ரெயின் பாலத்தால் போகும். அங்கேயிருந்து கொஞ்ச நேரம் தண்டவாளம் கரையோடு கரையாகவே ஓடும். ஜன்னல் முழுக்க ஒன்ராறியோ ஏரி. மற்றக் கரை தெரியாது. எனக்கு ஒவ்வொரு தரமும் பருத்தித்துறைக் கடல்தான் ஞாபகம் வரும். உப்பு மணம் மட்டும் இல்லை. காரில் 401 இல் போனால் இதில் ஒன்றும் தெரியாது, லொறிதான் தெரியும்.

யூனியனில் இறங்கினால் சனத்தைக் கண்டு மலைக்காதேங்கோ. சுவரோடு ஒரு பக்கம் ஒதுங்கி நின்று பலகைகளை ஆறுதலாக வாசியுங்கோ. அங்கேயே கழிப்பறை இருக்கு. சிரிக்கிறியள், ஆனால் பெண்கள் வெளியில் போகாததற்கு இதுவும் பெரிய காரணம், ஒருவரும் வாய்விட்டுச் சொல்கிறதில்லை. யூனியன், ஈற்றன் சென்ரர், நூலகம், மார்க்கற் எல்லா இடமும் இருக்கு. தண்ணீர் குடிக்காமல் போய்த் தலையிடியோடு வராதேங்கோ.

முதலில் சென்ற் லோறன்ஸ் மார்க்கற். பிறன்ற் வீதியால் கிழக்கே நேரே பத்து நிமிஷ நடை. 1803 இலிருந்து அந்தப் பக்கத்தில் சந்தை நடக்குது. திங்கட்கிழமை பூட்டு. மீன்கடைக்காரரோடு கதைத்துப் பாருங்கோ. எங்கட ஆட்களைவிட மீன் பார்க்கத் தெரிந்தவர் ஆர்? கண்ணைப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்க்கிற விதத்திலேயே அவனுக்கு உங்களில் மரியாதை வந்துவிடும். அன்றைக்கு வாங்க வேண்டாம், நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிய ஏலாது.

அங்கே ஒரு கோப்பியும் சாப்பிட ஒன்றும் வாங்கி, தனியாக ஒரு மேசையில் இருங்கோ. எனக்கு முதல் தரம் ரெயின் ஏறினதைவிட அந்த மேசையில் தனிய இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. எல்லோரும் என்னைத்தான் பார்க்கினம் என்ற மாதிரி. சுற்றிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் தனியத்தான் இருந்து சாப்பிடுகினம்.

பிறகு கிங் ஸ்ரேசனில் சப்வே ஏறி, புளோர்-யங் ஸ்ரேசன். அங்கேயிருந்து வடக்கே கொஞ்சத் தூரம் நடந்தால் ரொறன்ரோ றெபரன்ஸ் லைபிரறி, இலக்கம் 789 யங் வீதி. 1977 இல் திறந்தது. உள்ளே போனால் நடுவில் வெறும் வெளி, சுற்றிவர மாடி மாடியாகப் புத்தகம். அட்டை கேட்கமாட்டார்கள், ஏன் வந்தாய் என்றும் கேட்கமாட்டார்கள். எந்த ஊர்க்காரரும் போய் இருந்து வாசிக்கலாம். யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அவர்கள் ஒருக்கால் போய் அந்த மாடியில் நின்று கீழே பார்க்க வேணும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

அந்தக் கட்டடத்தை வரைந்தவர் றேமண்ட் மொறியாமா. எங்களுக்குத் தெரிந்த ஸ்காபரோ சிவிக் சென்ரரை வரைந்தவரும் அவர்தான். கனடாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவழிப் பிள்ளை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் என்பதற்காகக் குடும்பத்தோடு பிரிட்டிஷ் கொலம்பியாவில் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டவர். அங்கே இருந்தபோது தனக்கென்று ஒரு மரத்தில் சின்ன வீடு கட்டிக்கொண்டாராம். முகாமில் அடைத்து வைத்த பிள்ளைதான் இந்த நகரத்துக்கே நூலகம் கட்டிக் கொடுத்தது. 2023 இல் காலமானார்.

பின்னேரம், நூலகத்திலிருந்து திரும்பி சப்வேயில் ஏறி, சென்ற் ஜோர்ஜில் மாறி, சென்ற் பற்றிக்கில் இறங்குங்கோ. டண்டாஸ் வீதியால் மேற்கே நடந்தால் ஆர்ட் கலரி ஒவ் ஒன்ராறியோ. புதன்கிழமை இரவு 6 மணியிலிருந்து 9 மணிவரை அங்கே நிரந்தரக் காட்சிகளைக் காசு இல்லாமல் பார்க்கலாம். 25 வயதுக்குக் கீழ் உள்ள ஒன்ராறியோப் பிள்ளைகளுக்கு எந்த நாளும் இலவசம். ஓவியம் விளங்குமோ என்று கேட்காதேங்கோ. பிடித்த ஒன்றுக்கு முன்னால் வாங்கில் இருந்து காலாறினால் போதும். ஹென்றி மூர் என்ற சிற்பியின் உருவங்கள் ஒரு பெரிய கூடம் முழுக்க இருக்கு. அதில் படுத்துக் கிடக்கிற பெரிய பெரிய பெண்களைப் பார்க்க எனக்கு வேலை முடிஞ்சு வந்து சோபாவில் சாய்கிற எங்கட ஆட்கள் மாதிரித்தான் இருக்கும்.

கோடையென்றால் இன்னொரு நாள் தீவுக்குப் போங்கோ. யூனியனுக்குக் கிட்ட ஏரிக்கரையில் படகுத்துறை, கால் மணித்தியாலத்துக்குள் அக்கரை. அங்கே கார் இல்லை. அவ்வளவும் சொன்னால் காணும்.

இப்ப பாதுகாப்பு. ஐயாமார் இதைத்தான் கேட்கக் காத்திருக்கிறியள், தெரியும்.

1980களின் பிற்பகுதியில் ஸ்காபரோவில் இரவில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடந்த பெண்களை ஒருவன் தொடர்ந்து தாக்கினான். அப்போது "பெண்கள் இரவில் வெளியே போகாதேங்கோ" என்று சொல்வதோடு விட்டிருக்கலாம். இந்த நகரத்துப் பெண்கள் அதை ஏற்கவில்லை. 1984 இல் உருவான மெட்றாக் என்ற அமைப்பு, பெண்களையே கூட்டிக்கொண்டு இரவில் நடந்து, எங்கே வெளிச்சம் இல்லை, எங்கே ஒளிந்து நிற்க மூலை இருக்கு, எங்கே கூப்பிட்டால் ஒருவருக்கும் கேட்காது என்று குறித்து எடுத்தது. 1989 இல் அவர்கள் வகுத்த அந்த முறை பிறகு வேறு நாடுகளிலும் பாவனைக்கு வந்தது. அந்த உழைப்பின் பலன்தான் சப்வே மேடைகளில் வெளிச்சமும் கமராவும் பேசுகிற கருவியும் உள்ள காத்திருக்கும் இடங்கள். 1991 இல் ரீ.ரீ.சி. இன்னொன்றும் செய்தது. இரவு 9 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் தனியாக வருகிற பெண், தரிப்பிடம் இல்லாத இடத்திலும் தன் வீட்டுக்குக் கிட்ட பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லலாம். இப்ப அது எல்லோருக்கும் உண்டு. ஒரு தரிப்பிடத்துக்கு முன்னமே சாரதியிடம் சொல்லி, முன்கதவால் இறங்க வேணும். ஸ்காபரோவில் இரவு வேலை செய்கிற எங்கட தங்கச்சிமாரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கேட்க வெட்கப்படாதேங்கோ, அது பெண்கள் போராடி வாங்கின வசதி.

மிச்சம் சுருக்கமாகச் சொல்கிறேன். கோ ரெயினில் சக்கர நாற்காலி ஏற்றுகிற பெட்டி ஒன்று உண்டு, எஞ்சினிலிருந்து ஐந்தாவது. ரெயின் ஊழியர் அதில்தான் நிற்பார். இரவென்றால் அதில் ஏறுங்கோ. ஜன்னலுக்கு மேலே மஞ்சள் பட்டி இருக்கும், ஆபத்தென்றால் அதை அழுத்தலாம். வெறும் பெட்டியில் ஏறாதேங்கோ, சனம் உள்ள பெட்டியில் ஏறுங்கோ. ஒருவன் பக்கத்தில் வந்து இருந்து கரைச்சல் தந்தால் எழும்பி வேற இடத்துக்குப் போங்கோ. மரியாதைக்காக இருந்துகொண்டு இருக்கிறது எங்கட வளர்ப்பு, அதை அந்த நேரம் கழற்றி வையுங்கோ. தாலிக்கொடியும் நாலு சோடி காப்பும் கலியாணவீட்டுக்கு. போனில் சார்ஜ் இருக்கட்டும், ஆனாலும் மகளின் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கைப்பையில் வையுங்கோ.

இன்னும் ஒரு பயம் இருக்கு. அதை மஞ்சள் பட்டியால் தீர்க்க ஏலாது. "ஆரோட போனவள்? எங்க போனவள்? வீட்டிலே என்ன பிரச்சினையோ?" யூனியன் ஸ்ரேசனிலும் எங்கட ஒரு ஆள் கட்டாயம் கண்டுவிடும். கண்டால் என்ன சொல்கிறது என்று ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டா. "படம் பார்க்கப் போறன், நீங்களும் வாறியளோ?" என்று கேளுங்கோ என்றேன். கேட்டவர் ஓடிவிடுவார்.

கணவன்மாருக்கு ஒரு சொல். உங்களை விட்டிட்டு உல்லாசம் போறாள் என்று நினைக்காதேங்கோ. நாளைக்கு உங்களுக்குக் கால் ஏலாமல், கண் தெரியாமல், லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கிற நாள் வரும். அன்றைக்கு உங்களைக் கண் டொக்ரரிடம் கூட்டிக்கொண்டு போகப் போகிறவள் அவள்தான். இப்பவே ஒரு புதன்கிழமை போய் வரட்டும்.

இரவு எட்டரைக்குக் கலரியை விட்டு வெளிக்கிட்டால், சென்ற் பற்றிக்கிலிருந்து யூனியனுக்கு சப்வே, அங்கேயிருந்து ரெயின். பத்து மணிபோல அஜக்ஸ். ஸ்ரேசனுக்குக் காரில் வந்து ஏற்ற வேண்டியது ஐயாவின் பொறுப்பு. இரவுச் சாப்பாடும் அன்றைக்கு அவரின் பொறுப்பு. இடியப்பம் கடையில் கட்டி விற்கினம், சம்பலும் கூடவே தருவினம்.

தலைவி மணியைக் காட்டுறா, பின்னாலே தேத்தண்ணியும் வந்திட்டுது. வழி எழுதின துண்டுகள் அந்த மேசையில் வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுங்கோ. வருகிற மாதம் முதலாம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் அஜக்ஸ் ஸ்ரேசனில் நிற்பேன். முதல் தரம் மட்டும் என்னோடு வரலாம்.